மாச வருமானம் என்று கேட்டால்

எங்கள் ஊரில் யாரிடம் சம்பாத்தியத்தைக் கேட்டாலும் சரியான பதில் வராது. கோவில்பட்டி பஜாரில் மூன்று மாடிக் கடை வைத்திருக்கிறவரிடம் யாவாரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், "ஏதோ ஓடுது" என்பார். விளாத்திகுளம் பக்கம் மிளகாய் வத்தல் காயப்போட்ட களத்தில் நின்று எத்தனை மூடை தேறும் என்று கேட்டால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாகக் குவிந்து கிடக்கும்போதே, விதைச்ச காசு வந்தால் சரி என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி. உள்ளதைச் சொன்னால் மறுநாள் காலையில் கைமாத்துக் கேட்டு வாசலில் ஆள் நிற்கும் என்ற பயம் மீதி. என் வீட்டுக்காரர் அந்த வத்தல் காட்டு ஊரில் பிறந்தவர். நான் கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஜோடியாக பேங்குக்குப் போய் வீட்டுக் கடன் கேட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒன்பது வருசமாக ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். பெரிய மாளிகை இல்லை, இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மாடியில் துணி காயப்போட இடம். ஆனால் பின்பக்கம் ஒரு போர் இருக்கிறது, அதில் நல்ல தண்ணீர் வரும். எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். தெருவில் மற்ற போர் எல்லாம் உப்பு. பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி சணலாகிவிடும். குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும், வராமலும் போகும். நான் பிறந்ததிலிருந்து இதையும் சேர்த்து ஏழு வாடகை வீடு பார்த்தவள். ஒரு வீட்டுக்கார அம்மா நான் துணி துவைக்கிறபோது பக்கத்தில் வந்து நின்று வாளியை எண்ணுவாள். ஆணி அடிக்கிறதற்குக்கூட அனுமதி கேட்டு நின்றிருக்கிறேன். அதனால் இந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு வெறி என்றே சொல்லலாம்.

போன வருசம் ஆடி மாதத்தில் வீட்டுக்கார அம்மா கோயம்புத்தூரில் மகள் வீட்டிலிருந்து ஃபோன் பண்ணினார். வீட்டை விற்கப் போகிறேன், விலை இருபத்து நாலு லட்சம், மூடை அடுக்க குடோன் வேண்டும் என்று ஒருவர் ரொக்கமாகவே தர ஆளாய்ப் பறக்கிறார், ஆனாலும் இத்தனை வருசம் வாடகையை ஒரு நாள் தள்ளிப் போடாமல் கொடுத்தவர்கள் என்பதால் உங்களிடம் முதலில் கேட்கிறேன் என்றார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மாசியில் பரீட்சை. அந்த நேரத்தில் அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு எட்டாவது வீடு தேடிப் போவதை நினைத்தாலே தலை சுற்றியது.

நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மோர் மூக்கில் ஏறிவிட்டது.

கையில் இருந்தது ஆறு லட்சம். சீட்டுப் பணமும் நாலைந்து வருசச் சேமிப்பும். வீட்டு விலை இருபத்து நாலு, பத்திரம் அது இது என்று இரண்டரை, ஆக இருபத்தாறரை. இருபதரை லட்சம் பேங்கில் வாங்க வேண்டும். பேங்க் தருமா, எவ்வளவு தரும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு திங்கட்கிழமை இரண்டு பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனோம்.

கடன் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண். வெளி மாவட்டம், வந்து ஒரு வருசம்தான் ஆகிறதாம். பொறுமையானவள். முதலில் என்னைக் கேட்டாள். நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சம்பளம் பதினாறாயிரத்து ஐந்நூறு, பேங்கில்தான் போடுகிறார்கள், அதனால் அதில் மறைக்க ஒன்றுமில்லை. எழுதிக்கொண்டாள். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தீப்பெட்டி பண்டல்களை லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோவது, குச்சி, அட்டை ஏற்றி வருவது.

"மாச வருமானம் எவ்வளவு சார்?"

"ஏதோ ஓடுது மேடம். டீசல், டயர் போக ஒரு பத்து நிக்கும்."

அவள் பத்தாயிரம் என்று எழுதினாள். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மனுசர் காலை மட்டும் இழுத்துக்கொண்டார். நிலம் உண்டா என்று கேட்டாள். ஊரில் அண்ணனோடு பொதுவில் மூன்று ஏக்கர் இருக்கிறது, ஆனால் மானாவாரி, மழை பெய்தால்தான் உண்டு, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்றார். அதற்கு ஒரு பூஜ்யம் விழுந்தது. வேறு வருமானம் ஏதாவது உண்டா என்று பொதுவாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள். இல்லை என்றோம், ஒரே குரலில்.

அவள் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். இரண்டு பேர் வருமானம் இருபத்தாறாயிரத்து ஐந்நூறு. அதில் பாதிதான் தவணைக்குப் போகலாம், மீதியில் குடும்பம் நடக்க வேண்டும். பாதி என்பது பதின்மூவாயிரத்து இருநூற்றைம்பது. அதில் லோடு ஆட்டோ வாங்கிய கடனுக்கு மாதம் ஆறாயிரத்து நானூறு போகிறது. மிச்சம் ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது. பதினைந்து வருசக் கடன் என்றால் லட்சத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் கணக்கு எழுதுகிறவள். அவள் முடிப்பதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஏழு லட்சத்தைத் தொடவில்லை.

இருபதரை கேட்கப் போய் ஏழுகூட இல்லை. வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும், இதைத் தெருவே சொல்லும். பைக்கின் பின்னால் உட்கார்ந்து பேங்கிலிருந்து வீடு வரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கடன் கேட்கப் போன இடத்தில் எவனாவது பஞ்சப்பாட்டுப் பாடுவானா, அந்தப் பெண் என்ன உங்களிடம் கைமாத்துக் கேட்டாளா, பத்தாயிரம் சம்பாதிக்கிறவருக்கு எந்த மடையன் இருபது லட்சம் கொடுப்பான். ரயில்வே கேட் போட்டிருந்தது. அங்கே நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து விசிறியடியில் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் டீக்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழுகிற மாதிரி எப்படிச் சொல்வது என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அண்ணாச்சி எப்பேர்ப்பட்டவர் தெரியுமா? கடையில் ஃபோன் வழியாகப் பணம் போட்டால் "எண்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும் டப்பா வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதற்கு ஒரு பழைய துண்டைச் சுற்றி அடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறவர். காலையிலிருந்து அது கத்துவதை எண்ணிக்கொண்டு எவனாவது உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது என்பாராம்.

சரி, என்னிடமாவது உண்மையைச் சொல்லுங்கள், மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். அவர் பதிலுக்கு ஒன்று கேட்டார், சத்தமில்லாமல்.

"ஞாயித்துக்கெழமை கடலைமிட்டாய் கம்பெனிக்கு பில்லு எழுதப் போறியே, அத ஏன் சொல்லல?"

உண்மைதான். இரண்டு கடலைமிட்டாய் கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வேறு வருமானம் உண்டா என்று அந்தப் பெண் கேட்டபோது, இல்லை என்று முந்திக்கொண்டு சொன்ன வாய் என்னுடையதுதான். ஏனென்றால் பக்கத்தில் இவர் இருந்தார். இவரிடம் நான் சொல்லியிருந்தது இரண்டாயிரம். வாங்குவது ஐயாயிரம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேனே, அந்த நேரத்தில் இது ஒரு தடவைகூட என் நினைவில் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அன்று மத்தியானம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கல்யாணமாகிப் பத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாக ஒருவருக்கொருவர் வருமானத்தைச் சொல்லிக்கொண்டோம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நான் முதலில் சொன்னேன்: ஐயாயிரம், அதில் மூவாயிரத்தைத் தனியாகப் போட்டு வந்ததில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சேர்ந்திருக்கிறது, உங்களுக்குத் தெரிந்தால் யார் வந்து கண்ணைக் கசக்கினாலும் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. ஒரு லட்சத்து நாற்பதா என்று மட்டும் கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

பிறகு அவர் சொன்னார். நல்ல மாதத்தில் எல்லாச் செலவும் போக இருபத்தைந்து, இருபத்தெட்டு. மோசமான மாதத்தில் பத்தும் உண்டு. எனக்கு மாதாமாதம் கொடுப்பது பதினைந்து. நிலத்தில் பங்குனியில் வருகிற பங்கை வீட்டுக்குக் கொண்டுவராமல் விளாத்திகுளத்திலேயே ஒரு கணக்கில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

அது எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொரோனா வருசத்தில் வண்டி ஓடாமல் நின்றபோது என் அண்ணனிடம் போய் ஐயாயிரம் கேட்டிருக்கிறார். அண்ணன் கொடுத்திருக்கிறான். கொடுத்துவிட்டு, எப்படியும் தங்கச்சி சம்பளத்தில்தானே குடும்பம் ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறான். நாலு பேர் இருந்த இடத்தில். இதை இவர் இத்தனை வருசமாக என்னிடம் சொல்லவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அப்போதே ஃபோனை எடுத்தேன், என் அண்ணனை உண்டு இல்லை என்று ஆக்குவதற்கு. அவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. இனிமே யாருட்டயும் போய் நிக்கக் கூடாதுன்னுதான் அத வச்சிருந்தேன். வீட்டுக்குன்னா எடுத்துக்கோ."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே கூட்டலும் போட்டேன், பழக்க தோசம். அவருடையதும் என்னுடையதும் இரண்டரை லட்சம். இருபதரை வேண்டியது பதினெட்டாகக் குறைந்தது.

மறுவாரம் திரும்பவும் பேங்குக்குப் போய், போன தடவை சொன்னது முழுசாக இல்லை என்று ஒப்புக்கொண்டோம். அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியமே இல்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் முன்னால் உட்கார்ந்து நான் நன்றாகச் சம்பாதிக்கிறேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை என்றாள். ஆனால் வாயால் சொன்னால் போதாது, ஆறு மாதத்துக்கு வண்டி வருமானம் பேங்க் கணக்கில் வந்து விழுந்தால் அதன் சராசரியை எடுத்துக்கொள்ளலாம், உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளமும் அப்படியே, வண்டிக் கடனை அதற்குள் அடைத்துவிட்டால் இன்னும் நல்லது என்றாள். நிலத்து வருமானத்தைச் சேர்க்கவில்லை. மழையை நம்பி நான் எழுத முடியாது என்றாள், அதில் எங்களுக்கும் மறுப்பில்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் தை முடியும் வரை தவணை கேட்டேன். ஒரு லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சரி என்றார். ஒரு பேச்சையும் கறாராகச் சொன்னார்: தை தாண்டினால் குடோன்காரருக்குத்தான், அட்வான்ஸும் திரும்ப வராது. கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

ஆவணியிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. வருகிற அத்தனையும் பேங்க் கணக்குக்குப் போகும். தீப்பெட்டி ஆபீஸ்காரர்களிடம் ட்ரிப் காசை ஃபோனில் போடுங்கள் என்று கேட்க அவருக்கு ஒரு வாரம் கூச்சம். அப்புறம் பழகிவிட்டது, சத்தத்தை மட்டும் அணைத்து வைத்துக்கொண்டார். பதினெட்டு லட்சம் வாங்கினால் மாதம் பதினெட்டாயிரம் கட்ட வேண்டுமே, அதைக் கட்டிப் பார்த்துவிடுவோம் என்று நான் சொன்னேன். வண்டித் தவணையையும் சேர்த்து மாதம் பதினெட்டாயிரத்தை முதல் வாரமே ஒதுக்கிவிட்டு மீதியில் குடும்பம் நடத்தினோம். ஆவணியில் வண்டிக்கு இருபத்து நாலாயிரம் வந்தது, புரட்டாசியில் இருபத்தாறு. நான் சமையல்கட்டில் எந்தச் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் ஈரமானால் தெரியாதா, டயரில் அப்பி அப்பி சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். கிராமத்து ஆபீஸ்களுக்குப் போன வண்டி இரண்டு தடவை டிராக்டர் வைத்து இழுத்து வர வேண்டியதாயிற்று. ஈரத்தில் தீக்குச்சி காயாது, ஆபீஸ்களும் பாதி நாள் மூடல். மானாவாரிக்காரர்களுக்கு அது தங்கமான மழை. ஊரிலிருந்து அவருடைய அண்ணன் ஃபோன் பண்ணி, மிளகாய் நாற்று நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோசப்பட்டார். சந்தோசம் என்றால், ஏதோ முளைத்திருக்கிறது என்றார், அவ்வளவுதான். எங்களுக்கு அந்த மாதம் வண்டியில் தேறியது ஒன்பதாயிரம்.

பதினெட்டை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றில் மாதத்தை ஓட்டினோம். கொள்ளு ரசமும் துவையலும். காய் என்றால் வெண்டைக்காய், அதுவும் சந்தை கலைகிற நேரத்தில் வாங்கியது. மகளின் டியூசன் ஃபீஸை மட்டும் குறைக்கவில்லை. அந்தக் கஷ்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் சராசரி விழுந்துவிடுமே என்பதுதான். ஒன்பதாயிரம் உள்ளே வந்தால் மற்ற மாதங்களையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். மழை இப்படியே நீடித்துச் சராசரி பதினைந்தைத் தொடாவிட்டால் பதினெட்டு லட்சம் சந்தேகம்தான் என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். போகிற ஒரு லட்சம் அட்வான்ஸ் தூக்கத்திலும் வந்தது.

அந்த நேரத்தில் இவர் லோடு ஏற்றுகிற ஒரு ஆபீஸின் முதலாளி ஒரு யோசனை சொன்னார். நல்ல மனுசர், உதவியாகத்தான் சொன்னார். மாதம் பதினைந்தாயிரம் உன் கணக்கில் போடுகிறேன், மறுநாள் எடுத்து ரொக்கமாகக் கொடுத்துவிடு, பேங்கில் வரவாகத்தானே தெரியும் என்றார். எனக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. உடனே சரி சொல்லுங்கள் என்றேன். இவர் மாட்டேன் என்றார். ஏன் மாட்டீர்கள், இத்தனை காலம் வாயைத் திறந்தால் குறைத்துச் சொல்லிக்கொண்டுதானே இருந்தீர்கள், இப்போது மட்டும் அரிச்சந்திரனா என்று எகிறினேன்.

"கொறச்சுச் சொல்லுதது பழக்கம் ஏட்டி. கூட்டிச் சொன்னா அது பொய். கூட்டிச் சொன்னா கூட்டித்தான் கெட்டணும், எங்கன இருந்து கெட்டுவ?"

சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்தபோது ஒன்பதாயிரம் வந்த மாதத்தை மறைத்துவிட்டு வாங்குகிற கடனுக்கு ஒன்பதாயிரம் வருகிற மாதத்தில் யார் வந்து கட்டுவார்கள் என்று எனக்கே புரிந்தது. கணக்கு எழுதுகிறவளுக்கு லோடு ஆட்டோக்காரர் சொல்லிப் புரிய வேண்டியிருந்தது. சமாதானத்துக்கு அவருக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்தேன்.

கார்த்திகையில் பதினேழு, மார்கழியில் இருபத்திரண்டு. தையில் ஆபீஸ்கள் எல்லாம் நின்றுபோன சரக்கை வேகவேகமாக அனுப்பியதில் இருபத்தெட்டு வந்தது. ஒதுக்கி வைத்திருந்ததிலிருந்து வண்டிக் கடனின் மிச்சத்தை அடைத்துச் சான்றிதழும் வாங்கிவிட்டோம். தை முடிய நாலு நாள் இருக்கும்போது பேங்கில் போய் உட்கார்ந்தோம். அன்றைக்கென்று பார்த்து டீக்கடை அண்ணாச்சியும் நகைக்கடனுக்கு வந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் கணினியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, விதிப்படி வாயாலும் கேட்க வேண்டும் போலிருக்கிறது, கேட்டாள். வண்டி வருமானம் சராசரியாக மாதம் எவ்வளவு சார்? இவர் அண்ணாச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நேராக உட்கார்ந்துகொண்டார்.

"இருபத்தோராயிரம் மேடம். ஒரு மாசம் ஒம்பதுதான் வந்துது, அதையும் சேத்துச் சொல்லுதேன்."

அண்ணாச்சி படித்துக்கொண்டிருந்த பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி மேலே போனது. கல்யாணத்தன்றுகூட என் வீட்டுக்காரரை நான் அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

என்னுடைய இருபத்தோராயிரத்து ஐந்நூறும் சேர்ந்து நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. பாதி, இருபத்தோராயிரத்துச் சொச்சம். வண்டிக் கடன் இப்போது இல்லை. வருமானப்படி இருபத்தோரு லட்சம் வரைக்கும் போகலாம், வீட்டின் மதிப்புக்குப் பத்தொன்பதுதான் தர முடியும், பத்தொன்பதாகவே போட்டுவிடட்டுமா, வீட்டுக்கு ஏதாவது சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். ஆறு மாதத்துக்கு முன்னால் ஏழு தேறாது என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டிய அதே மேசை. எனக்குப் பத்தொன்பது என்று சொல்ல நாக்கு துடித்தது, ஒரு பீரோவும் புது மிக்ஸியும் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின. ஐப்பசி மாதத்துக் கொள்ளு ரசமும் வந்தது. பதினெட்டு போதும் மேடம் என்றேன். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டது பக்கத்தில் கேட்டது.

மறுநாள் காலையில் வண்டி டயர் பஞ்சர். ராத்திரி அண்ணாச்சி எத்தனை பேரிடம் சொன்னாரோ என்று இவர் புலம்பினார். நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். மாசியில் பத்திரம் பதிவானது. மகள் அதே அறையில், அதே ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள்.

முதல் தவணை பங்குனி ஐந்தாம் தேதி போனது. காலையில் நான் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்ததும் ஃபோனில் செய்தி வந்தது. அடுத்த நிமிசமே இவர் கூப்பிட்டார், எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிற சத்தம் பின்னால் கேட்டது. அவருக்கும் செய்தி வந்திருக்கும், ஆனால் கண்ணாடி போடாமல் அவரால் வாசிக்க முடியாது.

தவணை போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"மிச்சம் எவ்வளவு இருக்கு நம்மகிட்ட?"

பக்கத்து மேசையில் ஆள் இருந்தது. எனக்கு எதிரே சம்பளம் வாங்க மூன்று பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு நிமிசம் நாக்கு பழைய தடத்தில் போகப் பார்த்தது.

"பன்னெண்டாயிரத்து நானூத்திப் பத்து" என்றேன், சத்தமாக.